"மருந்து வச்சுட்டா": ஒரு பேரரசியும் என் ஓபியில் நின்ற ஒரு மருமகளும்

1/
கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

170 வருஷத்துக்கு முன்னாடி டில்லியில சில ஆண்கள் அடுத்தடுத்து இறந்தாங்க. பழி ஒரு பெண் மேல விழுந்தது. அவர் முகலாயப் பேரரசி.

போன வருஷம் கும்மிடிப்பூண்டி பக்கத்துல ஒருத்தருக்கு வயித்து வலி. பழி ஒரு பெண் மேல விழுந்தது. அவர் அந்த வீட்டு மருமகள்.

ரெண்டு கதைக்கும் சம்பந்தம் இருக்கு.

2/
நான் திருவள்ளூர் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற சாதாரண எம்பிபிஎஸ் டாக்டர். வரலாறு என் துறை இல்ல, ஆர்வம் மட்டும்தான்.

கீழே வர்ற குடும்பத்தோட அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன்.

3/
ஒரு திங்கட்கிழமை ஓபி. அது எப்படி இருக்கும்னு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களுக்குத் தெரியும்.

34 வயசு ஆளு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்ச மாதிரியே உள்ள வர்றார். கூட அம்மா, அக்கா. மூணு அடி தள்ளி, நாலு வயசுப் பொண்ணோட கையைப் பிடிச்சுக்கிட்டு மனைவி.

நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அம்மா சொல்லிட்டாங்க:

"டாக்டரம்மா, இது ஆஸ்பத்திரி கேஸே இல்லம்மா. இவ மருந்து வச்சுட்டா."

4/
இதைக் கேட்டுப் பழகாதவங்களுக்காக: "மருந்து வைக்கிறது"ன்னா இடுமருந்து. புருஷனைத் தன் கைக்குள்ள போட்டுக்க மனைவி சாப்பாட்டுல எதையோ கலந்து குடுத்துட்டா, அது வயித்துல ஒட்டிக்கிட்டு ஆளை அரிக்குதுன்னு ஒரு நம்பிக்கை.

எங்க பக்கத்துல, முக்கியமா ஆந்திரா பார்டரை ஒட்டின ஊர்கள்ல, இன்னிக்கும் இது சர்வ சாதாரணம். மாசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது என் காதுல விழும்.

5/
அந்தப் பொண்ணு மறுத்துப் பேசல. அழவும் இல்ல. தரையைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. பல தடவை கேட்டுப் பழகிப் போன முகம்.

வெளிய 80 பேர் வரிசையில நிக்கறாங்க. நானும் "அப்படியெல்லாம் எதுவும் இல்லம்மா"ன்னு ஒரு வரி சொல்லிட்டு பரிசோதனைக்கு எழுதினேன்.

இன்னொண்ணும் சொல்லணும். அவர் வர்றது அது மூணாவது தடவை. முதல் ரெண்டு தடவையும் கேஸ் மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பினது நான்தான்.

6/
அந்த வாரம் நைட் டூட்டியில கேஸ் இல்லாத நேரத்துல 1857 கிளர்ச்சியைப் பத்திப் படிச்சுக்கிட்டிருந்தேன். அதுல ஜீனத் மஹால்னு ஒரு பெயர். கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபரோட மனைவி.

அவரைப் பத்தி எழுதினவங்க திரும்பத் திரும்பச் சொல்ற ஒரு விஷயம்: "விஷம் வைத்ததாக வதந்தி."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட, இது நம்ம ஓபி கதையாச்சே!

7/
யார் இந்த ஜீனத் மஹால்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஆங்கிலேயரை எதிர்த்து லக்னோவில படை நடத்தினவர் பேகம் ஹஸ்ரத் மஹால். அவர் வேற, இவர் வேற.

ஜீனத் மஹால் 1840-ல ஜாஃபரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஜாஃபருக்கு அப்ப 65 வயசு. இவருக்கு ஏறக்குறைய 20. ஜாஃபருக்கு ஏற்கெனவே பல மனைவிகள், வளர்ந்த மகன்கள், பேரப்பிள்ளைகள்.

8/
பேருக்குத்தான் பேரரசு. செங்கோட்டை மதிலுக்கு வெளிய ஜாஃபரோட பேச்சு செல்லாது. கிழக்கிந்தியக் கம்பெனி மாசம் 1 லட்சம் ரூபாய் பென்ஷன் குடுக்கும், அதுல ஒரு பெரிய அரண்மனையே சாப்பிடணும்.

அந்தச் சின்ன உலகத்துல ஜீனத் மஹாலோட கை ஓங்கிடுச்சு. பாதுஷாவைப் பார்க்கணும்னா பேகம் வழியாத்தான்னு ஆச்சு. பழைய டில்லி லால் குவான் தெருவுல அவருக்குத் தனி மாளிகை.

"கிழவரை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா"ங்கிறதை ஆங்கிலேய அதிகாரிகள் அவங்க பாஷையில எழுதி வச்சாங்க.

9/
அவரோட ஒரே குறி: தன் மகன் ஜவான் பக்த் அடுத்த பாதுஷா ஆகணும். ஜாஃபரும் அதையே விரும்பினார்.

ஆனா அந்தப் பையனுக்கு மேல வரிசையா அண்ணன்கள். 1849-ல மூத்த இளவரசர் தாரா பக்த் காய்ச்சல்ல இறந்தார். அடுத்த உரிமை மிர்ஸா ஃபக்ருவுக்கு. மூத்தவருக்குத்தான் பட்டம்னு கம்பெனி பிடிவாதமா நின்னுச்சு.

10/
1852-ல கம்பெனி ஃபக்ருவோட ரகசியமா ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. "உன்னை வாரிசா ஏத்துக்கறோம். ஆனா பட்டத்துக்கு வந்ததும் செங்கோட்டையைக் காலி பண்ணிட்டு, ஊருக்கு வெளிய மெஹ்ரௌலிக்குப் போயிடணும்."

அந்த வருஷமே ஜீனத் மஹால் தன் மகனுக்கு டில்லியே பேசற மாதிரி கல்யாணம் நடத்தினார். காலிப், ஸௌக்னு அந்தக் காலத்துப் பெரிய கவிஞர்கள் போட்டி போட்டு வாழ்த்துப்பா எழுதினாங்க. "என் பிள்ளைதான் வாரிசு"ன்னு ஊருக்குச் சொன்ன கல்யாணம் அது.

11/
இப்ப மரணங்கள்.

டில்லியில கம்பெனியோட பிரதிநிதி சர் தாமஸ் மெட்கால்ஃப். அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னாடி இருந்தவர். 1853-ல அவருக்கு வயிறு கெட்டுச்சு. தொடர்ந்து வாந்தி, எதுவும் உள்ள தங்கல, ஆள் உருகிப் போனார். நவம்பர் 3-ம் தேதி இறந்தார்.

ஒப்பந்தத்துல சம்பந்தப்பட்ட இன்னும் ரெண்டு அதிகாரிகள், ஜேம்ஸ் தாமஸனும் ஹென்றி எலியட்டும், அதே வருஷம் இறந்தாங்க.

1856 ஜூலை 10, மிர்ஸா ஃபக்ருவும் போயிட்டார்.

12/
கணக்குப் போட ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாலு சாவு, எல்லாமே ஒரு பெண்ணோட ஆசைக்குக் குறுக்க நின்னவங்க. "பேகம் விஷம் வச்சுட்டா."

மெட்கால்ஃப் தனக்கு விஷம் வச்சுட்டாங்கன்னு நம்பியேதான் இறந்தார். தடயமே இல்லாத ஏதோ பச்சிலை விஷம்னு அவர் குடும்பமும் நம்புச்சு. சினிமாவுக்கு அருமையான கதை.

ஆனா நான் டாக்டர். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்ப்போம்.

13/
முதல் கேஸ்: 58 வயசு ஆண். மாசக்கணக்குல வாந்தி, மெலிவு.

இன்னிக்கு இப்படி ஒருத்தர் வந்தா என் மனசுல வர்ற பட்டியல்: குடல் புண் முத்தி அடைப்பு, இரைப்பைப் புற்றுநோய், பித்தப்பை அல்லது கல்லீரல் கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு, காசநோய். 1853-ல ஸ்கேன் கிடையாது, எண்டோஸ்கோபி கிடையாது. எந்த டாக்டர் வந்திருந்தாலும் இருட்டுலதான் தடவியிருப்பார்.

"தடயமே இல்லாத விஷம்"ங்கிறது, என்ன நோய்னு தெரியலங்கிறதோட இன்னொரு பேரு.

14/
ரெண்டாவது, மூணாவது கேஸ்: தாமஸன் இறந்தது பரேலியில. எலியட் இறந்தது தென்னாப்பிரிக்காவுல, கேப் டவுன் பக்கத்து சைமன்ஸ் டவுன்ல. உடம்பு தேறணும்னு கடல் கடந்து போன மனுஷன்.

செங்கோட்டை அந்தப்புரத்துல இருந்து ஒரு பெண் கப்பலேறி ஆப்பிரிக்கா வரைக்கும் விஷத்தை அனுப்பிச்சாங்களா? ஊர் வாய்க்கு தூரம் ஒரு பிரச்சினையே இல்ல.

15/
நாலாவது கேஸ் ஃபக்ரு. இதுல இறப்புக் காரணமே பதிவாகியிருக்கு: காலரா.

காலரா தண்ணி வழியா பரவுதுன்னு லண்டன்ல ஜான் ஸ்னோ பிராட் தெரு குழாயைக் காட்டினது 1854. அதாவது ஃபக்ரு இறக்கறதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி. அப்பவும் பெரிய டாக்டர்கள் அதை நம்பல. ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து கிருமியை உறுதி பண்ணது 1884.

காலையில நல்லா இருந்த ஆள் ராத்திரிக்குள்ள செத்தா, பாக்கற கண்ணுக்கு அது விஷம் மாதிரிதான் தெரியும்.

16/
சட்ட மருத்துவம் படிச்ச எல்லா எம்பிபிஎஸ் பசங்களுக்கும் ஒரு அட்டவணை ஞாபகம் இருக்கும். "காலராவுக்கும் பாஷாணத்துக்கும் உள்ள வித்தியாசம்." பரீட்சையில தவறாம வரும்.

காலராவுல முதல்ல பேதி, அப்புறம் வாந்தி. பாஷாணத்துல முதல்ல தொண்டை எரிச்சல், வாந்தி, அப்புறம் பேதி. காலராவுல கஞ்சித் தண்ணி மாதிரி போகும். பாஷாணத்துல ரத்தம் கலந்து போகும்.

இந்த அட்டவணை ஏன் இருக்கு? ரெண்டும் அவ்வளவு ஒத்துப் போகும். காலரா பேரைச் சொல்லி பாஷாணக் கொலையை மறைச்சவங்களும் உண்டு, காலராவுல செத்தவருக்கு விஷம் வச்சாங்கன்னு அப்பாவியைப் பிடிச்சவங்களும் உண்டு.

17/
அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கறது? சோதனைக்கூடத்துலதான்.

பாஷாணத்தைக் கண்டுபிடிக்கிற மார்ஷ் சோதனை 1836-லயே வந்தாச்சு. இந்தியாவுல இதுக்குன்னு முதல் ரசாயனப் பரிசோதனைக்கூடம் ஆரம்பிச்சது எங்க தெரியுமா? நம்ம சென்னையில, 1849-ல! அடுத்து கல்கத்தா 1853. டில்லிக்குப் பக்கத்துல ஆக்ராவுக்கு வந்தது 1864.

அதாவது இந்த நாட்டுல விஷத்தை நிரூபிக்க வழி இருந்த காலம் அது. ஜீனத் மஹால் மேல சொன்ன விஷக் குற்றத்தை எந்த விசாரணையும் நிரூபிக்கல. வதந்தி மட்டும் 170 வருஷமா உயிரோட இருக்கு.

18/
அவரைத் தியாகியாக்கப் பார்க்கறேன்னு நினைக்காதீங்க. அவர் அரசியல் பண்ணினார். மகனுக்காகக் காய் நகர்த்தினார், மூத்த பிள்ளைகளோட உரிமையைத் தட்டிப் பறிக்கப் பார்த்தார். ஃபக்ரு குடும்பத்துக்கு அவர் நல்லவரா இருந்திருக்க வாய்ப்பில்ல.

ஆனா பேராசைங்கிறது வேற, கொலைங்கிறது வேற. முதல்தை வச்சு ரெண்டாவதை எழுதக் கூடாது. முகலாய வரலாறு பூரா அண்ணன் தம்பிகள் பட்டத்துக்காக ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டதுதான். அவங்களை "வாரிசுப் போர்"னு மரியாதையா எழுதறோம். ஒரு அம்மா ஆசைப்பட்டா மட்டும் விஷக்காரி.

19/
இந்த வதந்தியால யாருக்கு லாபம்னு பாருங்க.

ஃபக்ரு இறந்ததும் ஜாஃபர் திரும்பவும் ஜவான் பக்த்துக்காகக் கேட்டார். கம்பெனி மறுத்துச்சு. ஜாஃபருக்கு அப்புறம் "பாதுஷா"ங்கிற பட்டமே கிடையாதுன்னு முடிவு பண்ணிச்சு. 300 வருஷப் பட்டத்தைச் சத்தமில்லாம துடைச்சுப் போட முடிவெடுத்தது கம்பெனி. ஊர் பேசினது பேகத்தைப் பத்தி.

பழி பேரரசிக்கு. லாபம் கம்பெனிக்கு.

20/
1857 மே மாசம் மீரட் சிப்பாய்கள் டில்லிக்குள்ள வந்தாங்க. 82 வயசை நெருங்கின ஜாஃபர் கிளர்ச்சிக்குத் தலைவர் ஆக்கப்பட்டார்.

ஜீனத் மஹால் தன் மகனைக் கிளர்ச்சியில சேரவிடாம ஒதுக்கி வச்சார். ஆங்கிலேயர் பக்கமும் ஒரு கதவைத் திறந்தே வச்சார். செப்டம்பர்ல டில்லி விழுந்ததும், உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கிட்டு ஹுமாயூன் சமாதியில ஜாஃபர் சரணடைஞ்சார். அந்தப் பேச்சுவார்த்தையில ஜீனத் மஹாலுக்குப் பங்கு உண்டு.

மறுநாளே மூணு இளவரசர்களை ஹட்சன் சுட்டுக் கொன்னான்.

21/
அதனால ரெண்டு பக்கமும் திட்டு. ஆங்கிலேயருக்கு அவர் சூழ்ச்சிக்காரி, விஷக்காரி. நம்ம பக்கத்துல சிலருக்கு அவர் துரோகி.

சுத்தி ஊரே எரியுது. 80 தாண்டின புருஷன், டீன் ஏஜ் மகன். ரெண்டு பேரையும் உயிரோட வெளிய கொண்டுவந்தார். இதை எப்படி எடுத்துக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளிய நிக்கிற மனைவிகள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

22/
1858-ல ஜாஃபரை விசாரிச்சு ரங்கூனுக்கு நாடு கடத்தினாங்க. ஜீனத் மஹாலும் மகனும் கூடவே போனாங்க.

கண்டி அரசரைக் கொண்டுவந்து நம்ம வேலூர் கோட்டையில வச்ச அதே பழக்கம்தான். 1885-ல பர்மா அரசர் தீபாவைப் பிடிச்சு முதல்ல மெட்ராஸுக்கும் அப்புறம் ரத்னகிரிக்கும் கொண்டுவந்தாங்க. டில்லி ராஜா பர்மாவுக்கு, பர்மா ராஜா இந்தியாவுக்கு.

1862 நவம்பர் 7, ஜாஃபர் இறந்தார். அன்னிக்கே அவசரமாப் புதைச்சு, மேல புல்லைப் போட்டு, இடமே தெரியாம பண்ணிட்டாங்க.

23/
ஜீனத் மஹாலுக்கு அதுக்கப்புறமும் ரெண்டு பத்தாண்டு வாழ்க்கை மிச்சம் இருந்தது. டில்லிக்குத் திரும்பவே விடல. 1880-கள்ல ரங்கூன்லயே இறந்து, கணவர் பக்கத்துலயே அடக்கம். காலப்போக்குல எந்தக் கல்லறை எங்கன்னே தெரியாம போச்சு. 1991-ல கால்வாய் தோண்டினப்பதான் ஜாஃபரோட உண்மையான கல்லறை செங்கல் கட்டடமா கிடைச்சது.

லால் குவான்ல அவர் மாளிகையோட வாசல் மட்டும் பாக்கி. பேர்ல ஒட்டின விஷமும் பாக்கி.

24/
சரி, நம்ம ஓபிக்கு வருவோம்.

1700-ல இத்தாலியில ரமாஸ்ஸினின்னு ஒரு டாக்டர், தொழிலால வர்ற நோய்களைப் பத்தி முதல் பெரிய புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட மத்த கேள்விகளோட இதையும் சேர்த்துக் கேளுங்கன்னார்: "நீ என்ன வேலை பார்க்கறே?"

முதல் ரெண்டு தடவையும் நான் கேக்காத கேள்வி அது. சீட்டுல "கூலி"ன்னு இருந்தது, நானும் அதோட விட்டுட்டேன்.

சிப்காட் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு இதைக் கேக்காம இருந்தது என் தப்பு. அதை மறைக்க விரும்பல.

25/
மூணாவது தடவை ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 8. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. நாலு மாசமா விட்டு விட்டுச் சுருட்டிப் பிடிக்கிற வலி, கடுமையான மலச்சிக்கல், சோர்வு, சின்னதுக்கெல்லாம் எரிச்சல். "முன்னாடி இப்படிக் கத்தமாட்டான்மா, இவதான் ஏதோ பண்ணிட்டா"ன்னு அம்மா.

அப்பத்தான் கேட்டேன். "கம்பெனியில என்ன வேலைப்பா?"

"பழைய பேட்டரி உடைக்கறது மேடம். அப்புறம் உருக்கற இடத்துலயும் நிப்பேன்."

பேனாவைக் கீழ வச்சுட்டேன்.

26/
"வாயைத் திற." ஈறு ஓரமா, பல்லை ஒட்டி, நீலம் கலந்த கருப்புக் கோடு. புத்தகத்துல படத்துல மட்டும் பார்த்தது.

ரத்தத்தை மைக்ரோஸ்கோப்புல பார்க்கச் சொன்னேன். சிவப்பணுக்கள்ல புள்ளி புள்ளியா இருந்தது. ரத்தத்துல ஈயத்தோட அளவைப் பார்க்கிற வசதி எங்க ஆஸ்பத்திரியில கிடையாது. வெளிய அனுப்பினோம்.

டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தாண்டினாலே எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இவருக்கு அதைப்போல பத்து மடங்குக்கும் மேல.

27/
ஆக, அம்மா சொன்னது பாதி உண்மை. அவர் உடம்புல நிஜமாவே விஷம் இருந்தது. அதை வச்சது மனைவி இல்ல.

ஈயம் உருக்கும்போது வர்ற புகை, பேட்டரி உடைக்கும்போது பறக்கிற தூள். மூச்சு வழியா போகும். கையைச் சரியா கழுவாம டீ குடிச்சா, பீடி பிடிச்சா வாய் வழியா போகும். ரத்தச் சோகை, குடல் வலி, நரம்புத் தளர்ச்சி, குணத்துல மாற்றம், எல்லாம் கொண்டுவரும். எலும்புல போய் வருஷக்கணக்குல தங்கும்.

குணம் மாறினதுகூட ஈயத்தோட வேலையா இருக்கலாம். அதுக்கும் திட்டு வாங்கினது மனைவி.

28/
இதோட முடிஞ்சிருந்தா நான் இந்த இழையை எழுதியிருக்க மாட்டேன்.

ஈயத் தூள் துணியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும். அதனால மனைவிக்கும் குழந்தைக்கும் ரத்தம் எடுத்தோம்.

ரெண்டு பேருக்கும் அளவு கூடுதல்.

தினமும் ராத்திரி அந்தத் துணியை உதறி, ஊறவச்சு, கையால கசக்கித் துவைச்சது அந்தப் பொண்ணு. அப்பா வந்ததும் ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சது குழந்தை. விஷம் வச்சதா பழி கேட்டுக்கிட்டு நின்ன பெண் உடம்புலயே அந்த விஷம் ஏறிக்கிட்டிருந்தது.

29/
அம்மாவை உட்கார வச்சு ரிப்போர்ட்டை விளக்கினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்ப பாப்பாவுக்கும் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க. பேத்தியைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க.

மருமககிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கல. அப்படிச் சினிமா மாதிரி நடக்காது. ஆனா போகும்போது "வா, போலாம்"னு கூப்பிட்டாங்க. வரும்போது அந்தப் பொண்ணை அவங்க கூப்பிட்டு நான் பார்க்கல.

30/
அதுக்குள்ள ரெண்டு தடவை "மருந்து எடுக்கற" இடத்துக்கும் போய் வந்திருந்தாங்க. மனைவியோட கம்மல் அடகுல.

அங்க என்ன நடக்கும்? வயித்துல குழாயோ வாயோ வச்சு உறிஞ்சுவாங்க. இல்ல பச்சிலைச் சாறு குடுத்து வாந்தி எடுக்க வைப்பாங்க. கடைசியில முடி சுத்தின ஒரு உருண்டையைக் காட்டுவாங்க.

தோலு, கொழுப்பு, தசை, குடல் சுவர் எல்லாத்தையும் தாண்டி யாராலயும் எதையும் உறிஞ்ச முடியாது. சாப்பிட்ட சாப்பாடு சில மணி நேரத்துல இரைப்பையை விட்டுப் போயிடும். போன வருஷம் வச்ச மருந்து இந்த வருஷம் அங்க ஒட்டிக்கிட்டு இருக்காது. உருண்டை அவங்க கையில முன்னாடியே இருக்கறது.

31/
"வாந்தி எடுத்ததும் நல்லா இருந்துச்சே டாக்டர்?"னு கேப்பீங்க. ரெண்டு நாள் வேலைக்குப் போகாம வீட்டுல இருந்தார். ஈயம் உள்ள போறது குறைஞ்சது. வலி தணிஞ்சது. திரும்ப வேலைக்குப் போனதும் வலி வந்தது. "திரும்பவும் வச்சுட்டா"ன்னு பழியும் வந்தது.

இந்த மாதிரி சுத்திச் சுத்தி, குடல் புண், காசநோய், கல்லீரல் நோய், இரைப்பைப் புற்றுநோய் எல்லாமே முத்தின பிறகு எங்ககிட்ட வருது. காசு போகுது, நாள் போகுது, ஒரு பெண்ணோட மானமும் போகுது.

32/
இதுல என் கருத்து இதுதான்.

வீட்டுல ஒரு ஆணுக்கு உடம்பு சரியில்லன்னா மனைவியைக் கைகாட்டறது ரொம்பச் சுலபம், செலவில்லாதது. கம்பெனியைக் கைகாட்டினா வேலை போகும். கான்ட்ராக்டரைக் கைகாட்டினா அடுத்த வேலையும் போகும். தண்ணியை, காத்தைக் கைகாட்டினா அரசாங்கம் பதில் சொல்லணும். மனைவியைச் சொன்னா யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

1856-ல அந்தப்புரத்தைப் பத்திப் பேசின டில்லி, குடிக்கிற தண்ணியைப் பத்திப் பேசல. அப்பவும் கம்பெனி தப்பிச்சுது. இப்பவும் கம்பெனி தப்பிக்குது.

33/
அவருக்கு என்ன ஆச்சு? முதல் சிகிச்சை அந்த வேலையை நிறுத்தறது. அப்புறம் சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈயத்தை வெளியேத்தற மருந்து குடுத்தாங்க. குழந்தைக்கும் அம்மாவுக்கும் சத்தான சாப்பாடு, இரும்புச்சத்து, திரும்பத் திரும்பப் பரிசோதனை. அளவு இறங்கிக்கிட்டு வருது.

ஈயத்தால வர்ற நோயைப் பார்த்தா டாக்டர் தொழிலகத் துறைக்குத் தெரிவிக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இருந்தது. தெரிவிச்சேன். ஆனா அவர் கான்ட்ராக்ட் ஆள். இஎஸ்ஐ அட்டை கிடையாது. எந்த ரிஜிஸ்டர்லயும் பேர் கிடையாது. இப்ப கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில லோடு இறக்கறார். சம்பளம் கம்மி. வயித்து வலி இல்ல.

34/
தொழிலாளர் குடும்பங்களுக்கு:

- பேட்டரி, ஈயம், பெயின்ட், உருக்கு வேலை பார்க்கறவங்க, டாக்டர் கேக்கலன்னாலும் என்ன வேலைன்னு நீங்களே சொல்லுங்க.
- வேலைத் துணியோட வீட்டுக்கு வராதீங்க. அங்கேயே குளிச்சு, மாத்திக்கிட்டு வாங்க. அதுக்கு வசதி கேக்கறது உங்க உரிமை.
- அந்தத் துணியைக் குழந்தைங்க துணியோட சேர்த்துத் துவைக்காதீங்க. உதறாதீங்க, நேரா தண்ணியில போடுங்க.
- வேலை இடத்துல சாப்பிடாதீங்க, பீடி பிடிக்காதீங்க. கை, வாய் கழுவிட்டுத்தான் டீ.
- இஎஸ்ஐ இருக்கான்னு கேளுங்க.

35/
நிஜமாவே யாராவது எதையாவது குடிச்சுட்டாங்க, யாரோ குடுத்துட்டாங்கன்னு சந்தேகம் இருந்தா: உடனே 108. உப்புத் தண்ணி, சாணித் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. பாட்டில், பாக்கெட் எது கிடைச்சாலும் கூட எடுத்துட்டு வாங்க. விஷம்னா நாங்க போலீசுக்குத் தகவல் குடுப்போம், பரிசோதனைக்கு அனுப்புவோம். அதுக்கு முறை இருக்கு.

"மருந்து வச்சுட்டா"ன்னு பழி சுமத்தி அடிச்சா, வீட்டை விட்டுத் துரத்தினா: பெண்கள் உதவி எண் 181. உடம்பு பத்தின சந்தேகத்துக்கு 104.

36/
என் சக டாக்டர்களுக்கு ஒண்ணு. ஓபியில ஒரு பெண் மூணு அடி தள்ளி நின்னா, அவங்களையும் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசுங்க. "அப்படியெல்லாம் எதுவும் இல்லம்மா"ன்னு ஒரு வரி பத்தாது. நான் அந்த ஒரு வரியோட விட்டிருந்தா, நாலாவது தடவையும் கேஸ் மாத்திரைதான் எழுதியிருப்பேன்.

37/
ஜீனத் மஹால் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியாது. மகனுக்கு ஆசைப்பட்ட, புருஷனைக் காப்பாத்தின, பிறந்த மண்ணுக்குத் திரும்ப முடியாம செத்த ஒரு பெண். கொலைகாரின்னு எழுத ஆதாரம் வேணும். அது இல்ல.

அந்த மருமகளுக்கு என்கிட்ட ஒரு லேப் ரிப்போர்ட் இருந்தது. அதனால அவங்க பேரைத் துடைக்க முடிஞ்சது. பேரரசிக்கு அது கிடைக்கல.

உங்க வீட்டுல, தெருவுல "மருந்து வச்சுட்டா"ன்னு யாராவது ஆரம்பிச்சா, ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "டெஸ்ட் பண்ணீங்களா?"

இழை முடிஞ்சது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கம் சொந்தக்காரங்க இருந்தா அவசியம் பகிருங்க.